புதுப் பாடம் போடுறத விட்டுட்டு மார்க்ஸ் போடுற விதத்தை மாத்துங்கோ: வன்னியில படிப்பிச்ச அனுபவம்

பாடத்திட்டம் திருத்திற கூட்டம் எண்டா எங்கயும் ஒரே கதைதான். ஒராள் எழும்பி ஏ.ஐ. ஒரு சப்ஜெக்ட்டா போடுவம் எண்டுவார், அடுத்தவர் கிளவுட் எண்டுவார், இன்னொராள் சைபர் செக்கியூரிட்டி இல்லாம இந்தக் காலத்தில ஒரு டிகிரியோ எண்டுவார், தேத்தண்ணி வரும், ரோல்ஸ் வரும், கடைசியில நாலைஞ்சு புதுப் பேர் பட்டியல்ல ஏறும். அந்தப் பேருகளாலதான் பிள்ளையளுக்கு வேலை கிடைக்கும் எண்ட நம்பிக்கை எங்கட ஆக்களுக்கு சரியான கூட.

நான் ஒரு சொஃப்ட்வெயார் கம்பனிக்கு முல்லைத்தீவுப் பக்கம் வீட்டில இருந்துகொண்டு வேலை செய்யிறன். வன்னியில ஒரு கம்பஸ்ல மூண்டாம் வருசப் பிள்ளையளுக்கு விசிட்டிங்கா ஒரு சப்ஜெக்ட்டும் எடுக்கிறன். கம்பனிக்கு ஆள் எடுக்கேக்க இன்டர்வியூவில கேள்வி கேக்கிற பக்கத்திலயும் இருக்கிறனான். ரெண்டு பக்கமும் நிண்டு பாத்ததில எனக்கு விளங்கினது இதுதான், பட்டியல்ல என்ன பாடம் இருக்கு எண்டதுக்காக ஒரு பிள்ளையும் நித்திரை முழிக்கிறேல்ல, எதுக்கு மார்க்ஸ் விழும் எண்டு பாத்துத்தான் முழிக்குது. அந்த மார்க்ஸ் போடுற விதத்தை மாத்தாம பாடத்துக்குப் புதுப் பேர் வைக்கிறதால ஒரு பிரியோசனமும் இல்ல.

இன்டர்வியூவுக்கு வாற பிள்ளையளின்ர சிவியைப் பாத்தா பதினைஞ்சு இருவது தொழில்நுட்பம் நிரையா இருக்கும். பைத்தன், ஜாவா, ரியாக்ட், டொக்கர் எண்டு போகும். நாங்கள் அதைப் பெருசாப் பாக்கிறேல்ல. ஏற்கனவே எழுதின ஒரு சின்ன கோட், அதுக்குள்ள ஒரு பிழை, அதைக் குடுத்திட்டு பேசாம இருப்பம். பிள்ளை முதல் என்ன செய்யுது எண்டுதான் பாக்கிறது. ஓட விட்டுப் பாக்குதா, எரர் மெசேஜை முழுசா வாசிக்குதா, இல்லாட்டி 'சேர் நான் இத முதல்ல இருந்து எழுதட்டா' எண்டு கேக்குதா. கனபேர் கேக்கிறது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான். அதில பிள்ளையளில பிழை சொல்லேலாது, ஏனெண்டா நாலு வருசமா அவைக்கு குடுத்த ஒவ்வொரு அசைன்மென்டும் வெறும் ஃபைல்ல தொடங்கி, சிப் பண்ணி எல்.எம்.எஸ்.ல (கம்பஸின்ர படிப்பு வெப்சைட்) ஏத்தினதோட முடிஞ்சிருக்கும், பேந்து அந்த ஃபோல்டரைத் திறக்கிறது ஆருமில்ல. வேலையில சேந்தா நிலைமை தலைகீழ், சேந்த புதுசில ஒருத்தரும் வெறும் ஃபைல் தரமாட்டினம், ஆரோ எழுதிப்போட்டுப் போன ஒரு பெரிய குப்பைக்குள்ள போய் ஒரு வரியைத் திருத்து எண்டுதான் சொல்லுவினம்.

இந்தப் பிள்ளையள் எங்கயிருந்து வருகினம் எண்டதையும் சொல்லோணும். ஏ.எல்லுக்கு டெக்னோலொஜி பிரிவு வந்தது 2013ல, முதல் சோதினை 2015ல. அந்தப் பிரிவில வந்த பிள்ளையளுக்காகத்தான் டெக்னோலொஜிப் பீடங்கள் வந்தது, கிளிநொச்சி அறிவியல் நகர்ல யாழ் பல்கலைக்கழகத்தின்ர தொழில்நுட்ப பீடம் இருக்கு, வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட்ல தனிப் பல்கலைக்கழகமா மாறி அங்கயும் தொழில்நுட்பக் கற்கைகள் பீடம் ஒண்டு இருக்கு. பள்ளிக்கூடத்தில தமிழ்லயோ சிங்களத்திலயோ படிச்சிட்டு வந்த பிள்ளை கம்பஸ்ல கால் வைச்ச உடன எல்லாம் இங்கிலீஷ். வகுப்பில பாதிக்கு மேல தெற்கில இருந்து வாற பிள்ளையளா இருக்கிறதும் உண்டு. இது தெரியாம கொழும்பு கம்பஸ் ஒண்டின்ர பாடத்திட்டத்தைக் கொப்பி பண்ணிக் கொண்டுவந்து வைச்சா அது இங்க வேற விதமாத்தான் வேலை செய்யும்.

இன்னொரு விசயம், பாடத்தின்ர பேரையோ கிரெடிட்டையோ மாத்திறதெண்டா டிப்பார்ட்மென்ட், பீடச் சபை, செனற் எண்டு படிப்படியா ஏறோணும், அது முடியிறதுக்குள்ள ஒரு பட்ச் வெளிக்கிட்டுப் போயிடும். ஆனா ஏற்கனவே உள்ள பாடத்துக்குள்ள அசைன்மென்ட் என்ன மாதிரி இருக்கோணும் எண்டது பெரும்பாலும் படிப்பிக்கிறவரின்ர கையில. எங்கட சப்ஜெக்ட் 3 கிரெடிட். இலங்கைத் தகைமைச் சட்டகப்படி ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம், அப்ப மொத்தம் 150 மணித்தியாலம் பிள்ளை இதுக்குச் செலவழிக்கோணும், லெக்சர் அதில ஒரு சின்னப் பங்குதான். மிச்ச மணித்தியாலம் எங்க போகுது எண்டு ஆரும் கேக்கிறேல்ல. நாங்கள் அந்த மிச்சத்திலதான் கை வைச்சம். செமெஸ்டர் முடிவு எக்ஸாமுக்கு 60, மிச்சம் 40 எண்டது அப்பிடியே இருந்தது, அந்த 40ஐ உடைச்சுப் பங்கிட்டது மட்டும்தான் புதுசு.

முதல் 10 பழைய கோட் திருத்திறதுக்கு. போன பட்ச் செய்த ப்ரொஜெக்ட் ஒண்டை (பேரெல்லாம் எடுத்துப்போட்டு) இந்தப் பட்ச்சின்ர கையில குடுத்தனாங்கள். அதில இருக்கிற மூண்டு பிழையைக் கண்டுபிடிக்கோணும், ஒரு சின்ன வசதி கூட்டோணும், ஏற்கனவே ஓடுற ஒண்டும் பழுதாகக் கூடாது. முதல் கிழமை ஒரே புறுபுறுப்பு. 'சேர் இத எழுதினவன் ஆர், வேரியபிளுக்கு ஏ, பி, சி எண்டு பேர் வைச்சிருக்கிறான், ஒரு கொமென்ட் கூட இல்ல' எண்டு ஒரு பெடியன் சத்தம் போட்டான். எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். தாங்கள் எழுதிறதும் அடுத்த வருசம் இன்னொருத்தரின்ர கைக்குப் போகும் எண்டு தெரிஞ்ச பிறகு அவையின்ர கோட் எழுதிற விதமே மாறிச்சு, அதுக்கெண்டு நான் ஒரு லெக்சர் கூட எடுக்கேல்ல.

அடுத்த 15தான் இதில பெரிய வேலை, உண்மையான ஒராளுக்கு ஒரு சாமான் செய்து குடுக்கிறது. லைப்ரரி மனேஜ்மென்ட், ஹொஸ்பிட்டல் மனேஜ்மென்ட் எண்டு காலங்காலமா ஓடுற ப்ரொஜெக்ட்டுகளை நிப்பாட்டினம். அதுகளுக்கு யூடியூப்பில முழுக் கோட்டே கிடக்கு, பாவிக்கிற ஆள்தான் ஒருத்தரும் இல்ல. வன்னியில கம்பனி இல்ல, இண்டஸ்ட்ரி இல்ல, பிள்ளையளுக்கு வெளி உலகம் காட்டேலாது எண்டு சொல்லுவினம். அரிசி ஆலை இருக்கு, கூட்டுறவுச் சங்கம் இருக்கு, உழவு மெசின் வாடகைக்கு விடுற ஆக்கள் இருக்கினம், பால் சேகரிக்கிற இடம் இருக்கு. எல்லா இடமும் கொப்பியிலதான் கணக்கு ஓடுது. இதைவிட வேறென்ன இண்டஸ்ட்ரி வேணும்.

ஒரு குழு பால் சேகரிப்பு நிலையம் ஒண்டுக்குப் போச்சுது. காலமை விடிஞ்ச உடன சைக்கிள்லயும் மோட்டச்சைக்கிள்லயும் கானோட சனம் வந்து வரிசையில நிக்கும், அங்க நிக்கிற அக்கா ஒவ்வொருத்தரின்ர பாலையும் லக்ரோமீற்றர் (பாலின்ர அடர்த்தி பாக்கிற கருவி) விட்டுப் பாத்து, அளந்து, அட்டையில எழுதி, தன்ர கொப்பியிலயும் எழுதுவா. பிள்ளையள் வடிவான ஒரு அப் செய்துகொண்டு போச்சினம், நிறம் நிறமா பட்டன், கீழ இழுத்துத் தெரிவு செய்யிற மெனு எல்லாம் இருந்தது. அக்காவின்ர கை முழுக்கப் பாலும் தண்ணியும். ஈரக் கையால தொட்டா போன் ஒண்டில் கேக்காது, இல்லாட்டி வேற எதையோ அமத்தும். நாலு பேரின்ர பாலைப் பதியிறதுக்குள்ள வரிசை ரோட்டுக்கு வந்திட்டுது. 'தம்பி, நான் பாலை அளக்கிறதோ உங்கட போனைத் துடைக்கிறதோ' எண்டு கேட்டாவாம். அண்டைக்கு பின்னேரமே அந்தக் குழு எல்லாத்தையும் கழட்டிப்போட்டு, அட்டை இலக்கம், லீற்றர், அளவீடு, இந்த மூண்டு மட்டும், பழைய நோக்கியா போன் மாதிரி பெரிய இலக்கங்களோட ஒரே திரையில வைச்சு, பக்கத்தில விலை குறைஞ்ச கீபோர்ட் ஒண்டை பிளாஸ்டிக் பையால சுத்திக் குடுத்திச்சினம். சிக்னல் இல்லாட்டியும் போன்ல சேமிச்சு வைச்சு, சிக்னல் வாற இடத்தில அனுப்பிற மாதிரியும் மாத்திச்சினம். யூசர் இன்டர்ஃபேஸ் எண்ட பாடத்தில முழு மார்க்ஸ் எடுத்த பிள்ளையள்தான் இவை.

அதே இடத்தில வந்த இன்னொரு சிக்கல் விலை. பாலுக்குக் காசு குடுக்கிறது லீற்றருக்கு மட்டுமில்ல, கொழுப்பும் கொழுப்பில்லாத திண்மமும் எவ்வளவு எண்டு பாத்துத்தான். பிள்ளையள் விலையை கோட்டுக்குள்ளயே இலக்கமா எழுதி வைச்சிருந்தவை. செமெஸ்டர் நடுவில விலை மாறிச்சு. மாத்திச்சினம், உடன போன கிழமைக் கணக்கெல்லாம் புது விலைக்கு மாறிக் காட்டுது. ஒரு ஐயா தன்ர அட்டையையும் அந்தக் கணக்கையும் வைச்சுப் பாத்து, காசு பொருந்தேல்ல எண்டு வந்து நிக்கிறார். எந்தத் திகதியில இருந்து எந்த விலை எண்டு தனியா வைக்கோணும் எண்டத நான் டேட்டாபேஸ் வகுப்பில நாலு தரம் சொல்லியும் ஏறாதது, அந்த ஐயா வந்து நிண்ட பத்து நிமிசத்தில ஏறிச்சு. விலை மாறினது எங்கட நல்ல காலம் எண்டுதான் சொல்லுவன், இப்ப பட்ச்சுக்கு ஒருக்கா நடுவில நானே ஏதாவது ஒண்டை மாத்தச் சொல்லி கிளையன்ட்டிட்டச் சொல்லி வைக்கிறனான்.

இதில நான் எதிர்பாக்காத ஒரு நல்லது நடந்தது, அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும். குழுக்களைக் கலந்துதான் போடுறது, தமிழ்ப் பிள்ளையளும் சிங்களப் பிள்ளையளும். அந்தப் பால் குழுவில நல்லா கோட் எழுதிற பெடியன் குருநாகல் பக்கம், இங்கிலீஷும் பரவாயில்ல, அதுவரைக்கும் குழுவில அவன் சொல்லுறதுதான் சட்டம். மல்லாவிப் பக்கத்துப் பிள்ளை ஒண்டு, வகுப்பில வாய் திறக்காது, கேள்வி கேட்டா குனிஞ்சு சிரிக்கும். ஆனா பாலுக்கு வாற ஆக்கள் கதைக்கிறது தமிழ் மட்டும். அப்ப அந்தப் பிள்ளைதான் அவை சொல்லுறதைக் கேட்டு அவனுக்கு இங்கிலீஷ்ல விளங்கப்படுத்தோணும், வேற வழி இல்ல. அவன் ஒரு ஆளுக்கு ஒரு அட்டை, அடையாள அட்டை இலக்கத்தை வைச்சு ஆளைப் பிரிப்பம் எண்டு டேட்டாபேஸ்ல டேபிள் போட்டு வைச்சிருந்தான். பிள்ளை இல்ல எண்டுது. அட்டை புருசனின்ர பேர்ல இருக்கு, அவர் இப்ப இல்ல, பால் கொண்டு வாறது மனிசி, சில நாள் மகன், காசு வாங்கிறது மனிசி, அதோட அயல் வீட்டு மாட்டின்ர பாலும் அதே அட்டையில வருது, அதை அவை தங்களுக்குள்ள பிரிச்சுக்கொள்ளுவினம். ஏன் பேரை மாத்தேல்ல எண்டு அவன் கேக்க, அந்தக் கேள்விக்கு அந்தப் பிள்ளை சொன்ன பதில் தட்டித்தடவின இங்கிலீஷ்லதான், ஆனா முழுசாச் சொல்லி முடிச்சுது. பிறகு அட்டை வேற, ஆள் வேற, காசு வாங்கிறவர் வேற எண்டு மூண்டு டேபிள் வந்தது. அதுக்குப் பிறகு கூட்டத்தில அவன் அவளைக் கேக்காம ஒண்டும் செய்யிறேல்ல.

இங்கிலீஷ் வரோணும் எண்டு தனியா ஒரு இங்கிலீஷ் சப்ஜெக்ட் வைக்கிறம், அதில கடிதம் எழுதப் பழக்கிறம், சரி. ஆனா வேலையில வேண்டிய இங்கிலீஷ் எண்டது தனக்குத் தெரிஞ்ச, மற்றவருக்குத் தெரியாத ஒண்டை விளங்கப்படுத்திறது. சொல்ல ஏதாவது இருந்தாத்தான் வாய் திறக்கும். வன்னிப் பிள்ளையளிட்டச் சொல்ல கனக்க இருக்கு, அதைக் கேக்கிற மாதிரி வேலை குடுக்கோணும்.

அடுத்த 5 மார்க்ஸ் கிழமைக் குறிப்புக்கு. இங்கிலீஷ்ல மூண்டே மூண்டு வரி, என்ன செய்தன், எங்க நிக்குது, அடுத்தது என்ன. கம்பனியில ஒவ்வொரு நாளும் காலமை செய்யிறது இதைத்தான். தொடக்கத்தில எல்லாரும் 'ஒரு பிரச்சினையும் இல்ல, எல்லாம் நல்லாப் போகுது' எண்டு எழுதிச்சினம், செமெஸ்டர் முடியேக்க பாத்தா ஒண்டும் ஓடாது. தெரியாது எண்டு சொன்னா ஏச்சு விழும் எண்டு சின்ன வயசில இருந்து பழகின பிள்ளையள்தானே. அதால எங்க நிக்குது எண்ட வரி எழுதினாத்தான் மார்க்ஸ் எண்டு வைச்சம். வீட்டில இருந்து வேலை செய்யிற ஆள் மூண்டு நாள் பேசாம இருந்தா கம்பனிக்கு அதைவிடப் பெரிய தலையிடி இல்ல, கோட் சுமாரா எழுதினாலும் நேரத்துக்கு வாய் திறந்து சொல்லுற பிள்ளையை ஒருத்தரும் விடமாட்டினம்.

மிச்சம் 10 வைவாவுக்கு, அதாவது வாய்மொழிச் சோதினைக்கு. இது எப்பிடி வந்ததெண்டா, முதல்ல கிட்ல (கோட்டில செய்யிற மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற மென்பொருள்) ஆர் எத்தினை கொமிட், அதாவது பதிவு, போட்டவை எண்டு பாத்து மார்க்ஸ் போடலாம் எண்டு ஒரு யோசனை இருந்தது. பெடியள் விடுவினமோ. கடைசி இரவு இருந்து ஒரு இடைவெளியைக் கூட்டி ஒரு கொமிட், குறைச்சு ஒரு கொமிட், 'அப்டேட்', 'அப்டேட் 2', 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்' எண்டு நிரையா வந்து கிடந்தது. எதை எண்ணினாலும் அந்த எண்ணிக்கையைக் கூட்டத்தான் பழகுவினம். அதால எண்ணுறதை விட்டுட்டு, ஒவ்வொருத்தரையும் தனியக் கூப்பிட்டு, அவையின்ர குழுவில வேற ஆள் எழுதின ஒரு பகுதியைக் காட்டி இது என்ன செய்யுது எண்டு கேக்கிறது, பிறகு ஒரு சின்ன மாற்றத்தைச் சொல்லி என்ர முன்னால பத்து நிமிசத்தில செய் எண்டு விடுறது. சட்ஜிபிடி பாவிக்க வேண்டாம் எண்டு நான் சொல்லுறேல்ல, நானே ஒவ்வொரு நாளும் பாவிக்கிறன். அது எழுதித் தந்ததை விளங்காம வைச்சிருக்கிற பிள்ளை அந்தப் பத்து நிமிசத்தில தானா வெளிப்பட்டிடும். ஒண்டு சொல்லோணும், ஆள் கூடின வகுப்பெண்டா இது சரியான நேரம் தின்னும். டெமோன்ஸ்ட்ரேட்டர் (லப்ல உதவிக்கு நிக்கிறவை) ரெண்டு பேர் இல்லாம தொடங்க வேண்டாம்.

இது ஐ.ரி. பிள்ளையளுக்கு மட்டும் எண்டு நினைக்க வேண்டாம். இஞ்சினியரிங் டெக்னோலொஜி, பயோசிஸ்டம்ஸ் படிக்கிற பிள்ளையளிட்டயும் இதே கதைதான். சில இடங்களில பெரிய காசுக்கு வாங்கின மெசின் பழுதாகிடும் எண்ட பயத்தில பூட்டித்தான் கிடக்கும், பிள்ளையள் அதைத் தொட்டுப்பாக்காமலே லப் ரிப்போட் எழுதுவினம். மன்னார்த் தீவில தம்பபவனி காத்தாலை மின் நிலையத்தில 30 காத்தாடி சுத்துது, கூரைக்குக் கூரை சோலார் ஏறுது, அங்கயெல்லாம் தேவைப்படுறது பழுதைக் கண்டுபிடிக்கிற ஆள். அறிவியல் நகர்லயே ஜேர்மன் உதவியில கட்டின தொழிற்பயிற்சி நிலையம் இருக்கு, அங்க என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) படிக்கிற பிள்ளையள் கையில கிறீஸோட நிக்கிறதைப் பாத்து எங்கட டிகிரிப் பிள்ளையள் கொஞ்சம் இளக்காரமாச் சிரிப்பினம், வேலை எண்டு வரேக்க ஆர் முதல் போகினம் எண்டு பேந்து பாக்கலாம். ஒரு மெசினில வேணுமெண்டே ஒரு வயரைக் கழட்டி வைச்சிட்டு, கண்டுபிடிச்சு, எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள் எண்டு எழுதுங்கோ எண்டு குடுத்தா அதுக்குப் புது லப் ஒண்டும் தேவையில்ல.

வீட்டுப் பக்கமும் ஒண்டு இருக்கு. எங்கட அம்மா அப்பாமாருக்கு வேலை எண்டா அரசாங்க வேலைதான். 2020ல பட்டதாரிப் பயிலுநர் எண்டு 20,000 ரூபாவுக்கு ஆயிரக்கணக்கில எடுத்தவை, அது எல்லாரின்ர மனசிலயும் நிண்டிட்டுது, இப்பவும் 'அடுத்த முறை எடுக்கேக்க பாப்பம், அதுவரைக்கும் வீட்டில இரு' எண்டு வைச்சிருக்கிற வீடுகள் இருக்கு. அதோட புரட்டாதியில டிகிரி முடிச்ச பிள்ளை அடுத்த புரட்டாதியிலயும் சும்மா இருந்தா, படிச்சதும் போயிடும், சிவியில ஒரு பள்ளமும் விழுந்திடும். இதுக்குப் பாடத்திட்டத்தால ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லுவினம். ஆனா அந்தப் பால் நிலையத்து அக்கா பிள்ளையளின்ர கடைசிப் பிரசென்டேசனுக்கு வந்தவ, பிள்ளையளின்ர அம்மா அப்பாவையும் கூப்பிட்டிருந்தம், தங்கட பிள்ளை செய்ததை ஊர் மனிசி ஒருத்தி பாவிக்கிறா எண்டு பாத்த பிறகு ஒரு அப்பா 'உது என்ன வேலை, எங்க கிடைக்கும்' எண்டு கேட்டார். அதுவரைக்கும் அந்தக் கேள்வியை அந்த வீட்டில ஆரும் கேட்டதில்ல எண்டு பிள்ளை பிறகு சொல்லிச்சு.

கடைசியா ட்ரெயினிங். ஆறு மாசம் கம்பனியில போய் நிக்கோணும், பெரும்பாலும் கொழும்பு. கிளிநொச்சியில இருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல, வெள்ளவத்தையில ஒரு அறைக்குக் குடுக்கிற காசுக்கும் ட்ரெயினிங்ல தாற காசுக்கும் சரி, சாப்பாட்டுக்கு வீட்டில இருந்துதான் அனுப்போணும். கெட்டிக்காரப் பிள்ளையள், அதுவும் பெட்டையள், இதாலயே நல்ல இடத்தை விட்டுட்டு பக்கத்தில ஏதாவது ஒரு ஒஃபிஸ்ல டேட்டா என்ட்ரி செய்து ஆறு மாசத்தைக் கழிச்சிட்டு வருகினம். அதால இப்ப ட்ரெயினிங் தொடங்கிறதுக்கு ஒரு செமெஸ்டருக்கு முன்னமே யாழ்ப்பாணத்தில, வவுனியாவில இருக்கிற கம்பனியளையும் வீட்டில இருந்து செய்யவிடுற கம்பனியளையும் கேட்டு வைக்கிறம். ஒரே ஊர்ப் பிள்ளையள் ரெண்டு பேரைச் சேத்து எடுக்கேலுமோ எண்டும் கேக்கிறம், ரெண்டு பேர் எண்டா வீட்டில விடுவினம், அறைக் காசும் பாதி. கேக்கேக்க சிவி அனுப்பிறேல்ல, பிள்ளை திருத்தின பழைய கோட்டின்ர லிங்கையும் அதின்ர கிழமைக் குறிப்புகளையும்தான் அனுப்புறம். சிவி அனுப்பின காலத்தில பதிலே வராத ரெண்டு இடத்தில இருந்து இந்த முறை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கினம், ஒரு இடம் மல்லாவிப் பிள்ளையையும் குருநாகல் பெடியனையும் சேத்தே கேட்டிருக்கு.